இரட்டைக்கோட்டுப் பட்டன்

பால் பொங்கிய சத்தம் கேட்டதும் வேளாங்கண்ணி ரேடியோவின் இரட்டைக்கோட்டுப் பட்டனை எரிச்சலோடு அழுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வந்து மறுபடி அழுத்திப் பட்டனை எழுப்பிவிட்டாள். பாட்டு, விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தது.

அப்படித் தொடரக்கூடாது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த அந்த டூ-இன்-ஒன்னை வாங்கி வந்த அன்றே அவள் கணவன் இன்னாசி சொல்லியிருந்தான். "இந்தப் பட்டன அமுக்கினா கேசட்டுதான் நிக்கும் புள்ள, ரேடியோ நிக்காது. அவங்க அங்க பாடிக்கினே இருப்பாங்க. உனக்காகக் காத்துக்கினா இருப்பாங்க?"

இன்றைக்குக் காத்திருந்தார்கள். எப்படியோ தொலையட்டும், ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்க விட்டால்தானே! காயப்போட்ட கேழ்வரகில் கோழி வாய் வைத்தது. குழாயில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் கறிவேப்பிலைக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் பட்டனைக் குத்தினாள். மத்தியானம் களை வெட்டப் போனபோதும் அழுத்தி வைத்துவிட்டுத்தான் போனாள். ரேடியோ அத்தனை நேரமும் மூச்சுப் பிடித்துக் காத்திருந்தது.

அன்று சனிக்கிழமை. கிருஷ்ணகிரி லாரிப் பட்டறையிலிருந்து இன்னாசி பஸ் ஏறி வீட்டுக்கு வரும் நாள். பொழுது சாய்ந்து, கூரைக்கு மேல் புகை படிந்து, குழம்பின் புளிவாசம் வீடெங்கும் பரவி நிற்கையில், கோவிந்தம்மாள் வீட்டு ரேடியோவில் செய்தி வாசிப்பது சுவர் தாண்டிக் கேட்டது. இவளுடைய ரேடியோவிலோ இன்னும் மத்தியானப் பாட்டுதான். நிறுத்தி வைத்த நேரமெல்லாம் உள்ளே சேர்ந்து கிடக்கிறதுபோல.

பக்கத்து ரேடியோ பட்டென்று நின்றது. யாரோ "ஐயோ" என்றார்கள்.

கோவிந்தம்மாள் தலைமுடி அவிழ ஓடி வந்தாள். "ஏம்மா, நீ செய்தி கேக்கலியா? காரிமங்கலம் பக்கம் பஸ்ஸு பாலத்துல இருந்து உழுந்துடுச்சாம். பேரெல்லாம் வாசிச்சாங்க. உங்க வூட்டுக்காரரு..."

"எங்க ரேடியோவுல அப்பிடி ஒண்ணும் சொல்லலீங்கக்கா!" வேளாங்கண்ணிக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து எத்தனை தொந்தரவு, இப்போது இதுவுமா?

அவள் சொல்லி முடிக்கவில்லை. பின்வாசலில் செம்பு தொட்டியில் மோதும் சத்தம். கால் கழுவும் சத்தம். இன்னாசியின் இருமல்.

"பாத்தீங்களா, வந்துட்டாரு!" என்று சொல்லி, கோவிந்தம்மாளை வெளியே விட்டுக் கதவைத் தாழ் போட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில்தான்.

இன்னாசி தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். டீசல் வாசம். அதற்கடியில் சேற்று வாசம். கழுவிய கால் காய்ந்தே இருந்தது.

"பசிக்குது, போடு."

போட்டாள். அவன் பிசைந்தான். வெளியே கதவை யாரோ தட்டினார்கள். பிறகு பலர். ரேடியோவில் பாட்டுகள் தீர்ந்தன. செய்திக்கு முன்னால் வரும் இசை தொடங்கியது.

சோற்றோடு உயர்ந்த கை தயங்கியது. அவன் ரேடியோவைப் பார்த்தான்.

"அத நிறுத்து புள்ள."

இசை முடிந்தது. ஒரு குரல் தொண்டையைச் செருமியது. வேளாங்கண்ணி பாய்ந்து பட்டனை அழுத்தினாள்.

அமைதி.

இன்னாசியும் நின்றுபோனான். வாய் திறந்தபடி. உருண்டை உதட்டருகே. விரலிடுக்கில் வழிந்த குழம்பு கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது.

"ஏங்க?"

கண் மட்டும் அசைந்தது. அவளைப் பார்த்தது. கெஞ்சியது.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. "மெதுவா எறக்குங்கப்பா, தலையப் புடி" என்றது ஒரு குரல். கனமான எதையோ வாசலில் வைத்தார்கள். கோவிந்தம்மாள் ஓவென்று அழுதாள்.

பட்டன் விரலடியில் எம்பியது. காலையிலிருந்து குத்திக் குத்தித் தளர்ந்துபோன பட்டன். இரண்டு கையாலும் அழுத்தினாள். நழுவியது.

"மாநிலச்..." என்றது ரேடியோ.

இன்னாசியின் தலைமுடிக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு நெற்றியில் இறங்கியது. அவள் அலறிக்கொண்டே அழுத்தினாள். கோடு புருவத்தில் நின்றது.

விரலடியில் பட்டன் மறுபடி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.