மூன்று முறை தவறிய நூல்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பொடிசு என்ற பெண் கூனிக் குறுகிப்போன கதையைச் சொல்கிறேன்.

பொடிசின் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடப் படம் எடுக்கச் சொன்னார்கள். பொடிசு தன் அப்பாவை எடுத்தாள். அவர் தையல்காரர்.

அன்று ஊசியில் நூல் கோக்கும்போது அவருக்கு ஒரு முறை தவறிவிட்டது. பொடிசு கணினியில் அந்தத் துண்டையே மூன்று முறை அடுத்தடுத்து ஒட்டினாள். வேறொரு நாள் தோழிகள் எதற்கோ சிரித்ததையும் அதன் பின்னால் சேர்த்தாள். மீதியை வெட்டிவிட்டாள்.

மறுநாள் மாலை பெற்றோருக்குப் படங்களைப் போட்டுக் காட்டுவதாக இருந்தது. அதற்கான ஒத்திகையில் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஊசிக்குக் காது இருக்கு, உங்கப்பாவுக்குக் கண்ணு இல்லையாடி?" என்றாள் ஒட்டடைக்குச்சி. ஒல்லியாய், உயரமாய் இருக்கும் தோழி அவள்.

பொடிசும் சிரித்தாள். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். திரைத் துணிக்கு ஓரம் தைக்க வந்தவர், படத்தை அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"நான் மூணு தடவையா தவறவிட்டேன், பொடிசு?"

கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பொடிசின் காது மடல் சுட்டது.

"இருக்கும்மா. வயசாகுதுல்ல," என்று கண்ணாடியைத் துடைத்தபடி போய்விட்டார்.

நம்பிவிட்டாரே! வீட்டில் சாப்பிடும்போது அவள் தலை தட்டைவிட்டு நிமிரவில்லை.

"நாளைக்குப் படம் பாக்க நான் வரலைம்மா. வேலை கிடக்கு," என்றார் அப்பா.

மறுநாள் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போய் நின்றாள்.

"டீச்சர், என் படத்துல ஒரு பொய் இருக்கு. மாத்தணும்."

"எல்லாம் நீ எடுத்ததுதானே?"

"எடுத்தது நிஜம் டீச்சர். ஒட்டினதுதான் பொய்."

படத்தை மாற்றிவிட்டு, மாலையில் அப்பாவின் தையல் கடைக்கு ஓடினாள். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அப்பா, ஒரு தடவைதான் தவறிச்சு. நான்தான் மூணாக்கினேன். தப்புப்பா."

அப்பா தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அடிப்பாவி," என்றார் பிறகு. "காலையிலதான் புதுக் கண்ணாடிக்குச் சொல்லிட்டு வந்தேன்." சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

படம் ஓடியது. நூல் ஒரு முறை தவறியது. மறுமுறை ஊசியின் காதில் நுழைந்தது. பொடிசு முன்பு வெட்டியெறிந்த காட்சி இப்போது வந்தது. அவளுடைய பள்ளிப் பையின் அறுந்த வாரை அப்பா தைத்தார். தைத்துவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒட்டடைக்குச்சி மட்டும் பொடிசின் தோளில் கிடந்த அந்த வாரை மெல்ல இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்குடி."

உங்கள் வீட்டிலும் அறுந்ததெல்லாம் சேரட்டும், சேர்ந்ததெல்லாம் கெட்டியாய் இருக்கட்டும், கண்ணுகளா.