ஃபைல் ரூமிலிருந்து ஒரு குரல்

நகரசபையின் பின்பக்கக் கட்டடத்துக்கு நான் மாற்றலாகி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. மீதியைப் படியேறிக் கடந்தேன். கடைசிப் படியில் கால் வைத்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. பழைய காகிதம், சுவரில் ஊறிய ஈரம், அதற்கும் அடியில் சாக்கடையை நினைவுபடுத்தும் ஏதோ ஒன்று.

கதவின் மேல் 'புகார் முடிப்புப் பிரிவு' என்று பலகை தொங்கியது.

தெருவிளக்கு எரியவில்லை என்று நீங்கள் போன் செய்தால் அது முன்பக்கக் கட்டடத்தில் பதிவாகும். பிறகு வட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது வந்து பார்ப்பார்கள், அல்லது பார்த்ததாக எழுதுவார்கள். கடைசியில் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் உங்களைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஆள் வந்தார்களா? வேலை முடிந்ததா? உங்களுக்குத் திருப்திதானா? மூன்றுக்கும் நீங்கள் ஆமாம் சொல்வது பதிவானால்தான் புகாரை முடிக்கலாம். முடித்த நிமிடமே உங்கள் போனுக்குச் செய்தி வரும். 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது.'

சட்டம் அப்படி. நடப்பு வேறு.

மொத்தம் எட்டு மேசைகள். எனக்கு நாலாவது. ஐந்தாவது மேசைக்காரியை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தாறு வயது, பருத்த உடம்பு, எந்நேரமும் சிரிப்பு. நான் நாற்காலியில் உட்காரும் முன்பே கதவுப் பக்கம் திரும்பி, சூப்பிரண்டின் கரகரத்த குரலில், "யாருய்யா அங்க, புதுசா வந்தவங்களுக்கு ஒரு டீ!" என்றாள். பியூன் அண்ணன் பதறிக்கொண்டு ஓடினார். சூப்பிரண்டு அன்று லீவு.

"எப்படிக்கா இது?" என்றேன்.

"யார் குரலா இருந்தாலும் ரெண்டு தடவை கேட்டாப் போதும்டி கண்ணு. சொந்தக் குரல்தான் எதுன்னு மறந்துபோச்சு" என்று என் தோளில் தட்டினாள்.

சாயங்காலம் நாலரைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஐந்து மணிக்குள் நிலுவை பூஜ்யம் என்று மேலே கணக்குப் போக வேண்டும். ஆனால் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் எடுப்பதில்லை, எடுத்த பாதிப் பேர் வண்டி வண்டியாகத் திட்டுகிறார்கள். அதனால் மிச்சப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ரேடியோ நடைபாதைக் கோடியிலிருந்த ஃபைல் ரூமுக்குள் போய்விடுவாள். அங்கே ஒரு பழைய போன். உள் எண் பதினேழு. நாங்கள் எங்கள் மேசையிலிருந்து பதினேழை அழுத்துவோம். பதிவுக் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான்.

"ஐயா, ஆள் வந்தாங்களா?"

"வந்தாங்கம்மா." எழுபது வயதுக்காரரின் இருமல்.

"வேலை முடிஞ்சுதா?"

"ஜோரா முடிஞ்சுது. ரொம்பத் திருப்தி. உன் வீட்டுக்காரன் உன் பேச்சைக் கேட்டு நடக்கட்டும்!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முதல் வாரம் கொஞ்சம் உறுத்தியது. இரண்டாவது வாரம் உறுத்தவில்லை. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கேள்வி கேட்ட குரல் என்னுடையதுதான். நூறு புகாருக்கு மேல் அப்படி முடித்திருக்கிறேன்.

மூன்றாவது மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை, அனலாகக் கொதித்தாள். எனக்கோ லீவு ஒன்றுகூட மிச்சமில்லை. அழாத குறையாக ரேடியோவுக்குப் போன் செய்தேன்.

"நீ பிள்ளையைப் பாரு. கையெழுத்து நான் போட்டுடறேன். உன் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும்."

"போன் பேசணுமேக்கா? சூப்பிரண்டு பதிவைப் போட்டுக் கேட்டா?"

தொண்டையைச் செருமினாள். பிறகு, "வணக்கம், நாலாவது சீட்ல இருந்து பேசுறேன்" என்றது என் குரல்.

என் குரலேதான். வாக்கியக் கடைசியில் நான் லேசாக மூச்சை இழுப்பேன். அதுகூட இருந்தது.

"நீ எனக்கு அக்கா இல்லக்கா, அம்மா" என்றேன்.

அந்த மூன்று நாளும் மழை கொட்டித் தீர்த்தது.

நாலாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். நாலரை மணிக்கு ரேடியோவின் மேசை காலியாக இருந்தது. வழக்கம்போலத்தான் என்று நினைத்துப் பதினேழை அழுத்தினேன். ஏதோ குழாய்ப் புகார்.

"ஆள் வந்தாங்களா?"

தூரத்தில் தண்ணீர் எதிலோ மோதி மோதித் திரும்பும் ஓசை.

"அக்கா, சீக்கிரம். இன்னும் பன்னெண்டு இருக்கு."

"வரல."

மெலிந்த பெண் குரல். இதை ரேடியோ இதற்கு முன் செய்ததில்லை.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுன்னு நீதானே சொன்ன?"

"விளையாடாதக்கா."

"கால் எட்டல. மேல ஒரே இருட்டா இருக்கு."

யாரோ என் தோளைத் தொட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது. ரேடியோ நின்றிருந்தாள், கையில் டீ.

"யாரோடடி பேச்சு? நான் இப்பத்தான் கேன்டீன்ல இருந்து வரேன். ஃபைல் ரூம் சாவிகூட இதோ என்கிட்டதான் இருக்கு."

ரிசீவரைக் கீழே வைத்தேன்.

என் காது நனைந்திருந்தது.

மறுநாள் சூப்பிரண்டு கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் ஒரு புகார்த் தாள். ஒரு தெருவில் மழைநீர்க் கால்வாயின் மூடி காணவில்லை என்று அங்கே குடியிருந்த பெண் எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குச் செய்தி போயிருக்கிறது. 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது.' வேலையிலிருந்து திரும்பியபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர். மூடி போட்டிருப்பார்கள் என்று நம்பி, தினமும் சுற்றிப்போகிற இடத்தில் நேராகக் கால் வைத்திருக்கிறாள். உடல் இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது.

"முடிச்சது நாலாவது சீட். நீங்க" என்றார்.

"சார், செவ்வாய்க்கிழமை நான்..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றேன்.

வருகைப் பதிவேடு திறந்திருந்தது. மூன்று நாளும் என் கையெழுத்து. டாக்டர் சீட்டில் மகள் பெயர் இருக்கும், கூட வந்தவள் யாரென்று இருக்காது. பதிவில் என் குரல்.

"புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அப்புறம் போலீசுக்குப் போகும்" என்று சூப்பிரண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடைபாதையில் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அந்த மூணு நாள் நான் வரலைன்னு சொல்லுக்கா."

"வரலியா? கையெழுத்து இருக்கே."

"நீ போட்டதுக்கா!"

"மெதுவாப் பேசு." சுற்றும் முற்றும் பார்த்தாள். "எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான். உனக்கு வயசு இருக்கு."

"ஒரு உயிர் போயிருக்குக்கா. என்னை உள்ள வெச்சுட்டா என் பிள்ளைய யார் பார்ப்பா?"

"அதத்தான் நானும் சொல்றேன். ஒருத்தர் மாட்டினாப் போதாதா, ரெண்டு பேர் எதுக்கு?"

குரலில் கோபம்கூட இல்லை. அன்று மத்தியானமும் தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தாள். "சாப்பிடு, இளைச்சுப் போயிட்டே" என்றாள்.



அந்த வாரம் முழுவதும் நாலரைக்கு என் மேசைப் போன் அடித்தது. பதினேழு. பூட்டிய அறையிலிருந்து. ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் பக்கத்திலிருந்து.

"நீதானே சொன்ன?"

"நான் இல்லம்மா. சத்தியமா நான் இல்ல."

"உன் குரல்தானே?"

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை. கூட்ட அறையின் நீண்ட மேசை. தலைப்பக்கத்தில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் சூப்பிரண்டு. எனக்கு நேர் எதிரே சாட்சியாக ரேடியோ. மூலையில் இறந்தவளின் கணவர். அவர் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு போன்.

"நீங்கதானா அது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நகரசபையிலயே சொல்லிட்டாங்கன்னு அவ சந்தோஷப்பட்டா. அந்தச் செய்தியை எனக்கும் அனுப்பினா."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவங்க அன்னைக்கு சீட்ல இருந்தாங்களா?" அதிகாரி ரேடியோவைக் கேட்டார்.

"இருந்தாங்க சார். என் பக்கத்துலயே." குரல் தழுதழுத்தது. அதையும் நடித்தாள்.

பதிவைப் போட்டார்கள்.

"வணக்கம், நாலாவது சீட்ல இருந்து பேசுறேன். ஆள் வந்தாங்களா?"

என் குரல். கணவரின் விரல்கள் பையை இறுக்கின.

இதற்கு 'வந்தாங்க' என்று யாரோ ஒரு பெண் சொல்ல வேண்டும். அந்தக் குரலும் ரேடியோவுடையதுதான்.

தண்ணீர் ஓசை கேட்டது.

"வரல."

சூப்பிரண்டு பாதி எழுந்துவிட்டார். "நேத்து நான் கேட்டப்ப இப்படி இல்லையே..."

கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது அவ. என் வீட்டுக்காரி."

"வேலை முடிஞ்சுதா?" என்றது பதிவிலிருந்த என் குரல்.

"நீ எங்க இருந்து பேசுற?"

மின்விசிறி தானாக நின்றது. அறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு கையாலும் என் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன்.

பதில் வந்தது.

"ஃபைல் ரூம்ல இருந்து."

என் குரல்தான். ஆனால் வந்தது ரேடியோவின் வாயிலிருந்து.

அவள் கண்கள் பிதுங்கின. கையால் உதடுகளை மூடப் பார்த்தாள். விரலிடுக்கு வழியாக என் குரல் வழிந்துகொண்டே இருந்தது. "அவ அன்னைக்கு வரல. கையெழுத்து நான் போட்டேன். கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான். யாரையும் கூப்பிடல."

"உன் குரல்ல சொல்லு" என்றது பதிவு.

ரேடியோ வாயைத் திறந்தாள். தொண்டையில் ஏதோ புரண்டது. நிரம்பிய கால்வாய் தண்ணீரை உள்ளிழுக்கும் ஓசை. அவ்வளவுதான்.

அதன்பிறகு இன்றுவரை அவள் பேசவில்லை.

என்மேலிருந்த பழி நீங்கியது. பொய்க் கையெழுத்துக்கு நான் உடந்தை என்று மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மூடி அன்று மாலையே போடப்பட்டது. ஃபைல் ரூம் போனைப் பிடுங்கி எறிந்தார்கள்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் ஒருநாள் பகலில் ரேடியோவின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் கதவைத் திறந்தார்.

"டாக்டர் தொண்டையில ஒரு குறையும் இல்லைங்கிறார்மா. இவ என்னடான்னா, நாள் முழுக்க அங்கதான் கிடக்கிறா" என்று குளியலறையைக் காட்டினார்.

ஈரத் தரையில் குப்புறப் படுத்து, தண்ணீர் போகும் ஓட்டையில் காதை வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். கையைப் பிடித்து என்னைக் கீழே இழுத்தாள். நானும் குனிந்தேன்.

"கண்ணு..."

ஓட்டையின் ஆழத்திலிருந்து, அவளுடைய சொந்தக் குரல்.

"கண்ணு, என்னை வெளிய எடுடி. கால் எட்டலடி."

என் பக்கத்தில் ரேடியோ கைகூப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் என் டப்பா மூடியில் சாப்பாடு எடுத்து வைத்தது நினைவுக்கு வந்தது. 'ரெண்டு பேர் எதுக்கு?' என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது.

எழுந்து குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் அந்தக் குரல் அடங்கியது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. நான் பொய்யாக முடித்த அந்த நூறு புகார்களையும் யாரும் இன்னும் விசாரிக்கவில்லை.

இன்று காலை மகள் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. வாசல் கதவருகே நின்று, "பாப்பா, வா" என்று கூப்பிட்டேன்.

மகளின் பதில் குளியலறையிலிருந்து வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சீருடையோடு தரையில் மண்டியிட்டு, அந்தச் சின்ன ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுக்குள்ள இருந்து கூப்பிடுறியே, நீ எப்படிம்மா உள்ள போன?"