ஆளிருக்கும் வீடுகள்

காலையில் அவள் கொடியில் போட்டது காய்ந்த துணி. சாயங்காலம் எடுக்கப் போனால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை, தெரு புழுதியாகக் கிடந்தது. ஒரு சட்டையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை, அதற்கடியில் துவைத்தும் போகாத வியர்வை நாற்றம்.

ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்கள் போட்டுவிட்டுப் போன துணிகள் அவை. கிராமங்களில் ஆள் குறைந்தால் அந்தச் சின்ன ஊராட்சியையே கலைத்துப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். கணக்கெடுக்க வரும் அதிகாரிகளோ ஜீப்பைவிட்டு இறங்காத மகாராசர்கள். ரோட்டிலிருந்தே விளக்கையும் கொடியையும் பார்த்து ஆளிருக்கும் வீடு என்று எழுதிக்கொள்கிறவர்கள். ஆகவே ஊராட்சிச் செயலாளர், இந்தக் கிராமத்தில் மிஞ்சியிருந்த ஒரே குடும்பத்துக்காரியான அவளிடம் காலி வீடுகளின் சாவிக்கொத்தைக் கொடுத்து, காலையில் துணி போடவும் பொழுது சாய்ந்ததும் விளக்குப் போடவும் சொல்லியிருந்தார். அவள் தயங்கியபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊர்ல ஆளே இல்லைன்னு எழுதிட்டா ஆஸ்பத்திரி வேன் வராதுக்கா. அப்புறம் உங்க வீட்டுக்காரரை எதுல கூட்டிட்டுப் போவீங்க?"

அவள் கணவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸுக்கு அந்த வேனை விட்டால் வேறு கதியில்லை. பொய் வேலை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு செய்தாள்.

நனைந்த துணியைப் பற்றிச் சொன்னதும் கணவன் படுத்தபடியே சிரித்தான். யாராவது திரும்பி வந்திருப்பார்கள், ஊர் நிறையட்டுமே என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம், சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க, பூட்டிய வீடுகளின் புழுக்கமும் எலி நாற்றமும் ஜன்னல் இடுக்கு வழியாக மூக்கில் ஏற, முதல் வீட்டுப் பூட்டில் கை வைத்தவள், உள்ளே யாரோ தட்டுகளைக் கழுவி அவசரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் எரிந்தது. அதற்கடுத்த வீட்டிலும். கொடிகளில் ஒரு துணிகூட இல்லை.

ரோட்டில் அதிகாரிகளின் ஜீப் மெல்ல ஊர்ந்து, எல்லா விளக்குகளையும் பார்த்துவிட்டுப் போயிற்று. இனி வேன் வருவது நின்றுபோகாது. முதுகெல்லாம் சில்லிட்டிருந்த அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு ஓடினாள்.

கட்டில் காலி. போர்வையில் இன்னும் சூடு இருந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனுஷன்.

இருமல் கேட்டது. அவனுடைய இருமல். எதிர்வீட்டிலிருந்து.

அங்கேயும் பூட்டு வெளியே தொங்கியது. சாவி கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டது. திறந்தாள்.

மேசையைச் சுற்றிச் சட்டைகள் உட்கார்ந்திருந்தன. தோள் நிறைந்து, கழுத்துவரை பொத்தான் போட்டு. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அவற்றுக்கு நடுவில் அவள் கணவன், நிமிர்ந்து.

ஓர் ஈரமான சட்டைக்கை நீண்டு, அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டது.

"வலி போயிடுச்சு. வேன் இனிமே வேண்டாம். வா, உட்காரு."

அவன் குரல்தான். ஆனால் அவன் காலருக்கு மேலே வாயோ தாடையோ இல்லை. அந்தரத்தில் கண்கள் மட்டும் மிச்சமிருந்தன. அவை அவளையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.