நீலப் பசை

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதவைத் தட்டியவர், தோற்றுப்போன எம்.எல்.ஏ.வின் தம்பி. இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஊர்தான் அந்தப் பட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக மூன்று வேட்பாளர்களின் ஒலிபெருக்கியும் காதைத் துளைத்ததில் அவருக்கு மனிதர் குரலே அலுத்துப்போயிருந்தது. இருந்தாலும் உட்காரச் சொன்னார்.

"அண்ணன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டார் சார். சாயங்காலத்துக்குள்ள. மாடியில என் சம்சாரம் சாமான் கட்டிக்கிட்டு இருக்கா," என்றார் தம்பி.

விஷயம் இதுதான். போட்டியில் மூன்று பேர்: அண்ணன், டாக்டர், திடீரென்று சுயேச்சையாக முளைத்த கடைத்தெருத் தையல்காரர். டாக்டர் சொற்ப ஓட்டில் ஜெயித்தார். தையல்காரர் வாங்கியதோ அந்த வித்தியாசத்தைப்போலப் பல மடங்கு. தையல்காரரை நிறுத்திக் குடியைக் கெடுத்தது தம்பிதான் என்பது அண்ணனின் குற்றச்சாட்டு. சாட்சி, பசை. அண்ணனுக்கு எப்போதும் போஸ்டர் ஒட்டுவது தம்பியின் ஆட்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பசை நீலமாக இருக்கும். ஊரில் வேறு யாருக்கும் அந்த வழக்கம் இல்லை. தையல்காரர் போஸ்டரின் ஓரத்தில் அந்த நீலத்தைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார் அண்ணன்.

தம்பியோ அந்தப் போஸ்டர் ஏறிய வாரம் முழுவதும் காய்ச்சலில் படுத்திருந்தாராம். ஆட்களை விசாரித்தால் ஒருவனும் வாய் திறக்கவில்லையாம்.

இன்ஸ்பெக்டரின் மைத்துனர் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். இன்சூரன்ஸ் ஆபீசை விட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஊரான் வீட்டு வம்புதான் உத்தியோகம். "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மூணுபட்டா யாருக்கு அத்தான்?" என்றார். அத்தான் சிரிக்கவில்லை.

மூவரும் கடைத்தெருச் சுவருக்குப் போனார்கள். மைத்துனர் தையல்காரர் போஸ்டரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். உதிர்ந்த பசை சாம்பல் நிறத்தில் இருந்தது. நீலத்தையே காணோமே என்று அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஈரத்தில்தான் நீலம் தெரியும், ஒரு வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்று தம்பி விளக்கினார். இன்ஸ்பெக்டர் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். தையல்காரர் டாக்டரின் முகத்தின்மேல் ஒட்டப்பட்டிருந்தார். அடுத்த இடத்திலும் அப்படியே. அண்ணனின் போஸ்டர்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"போஸ்டர் ஒட்டுறவன் யார் மேல ஒட்டுவான்?" என்று கேட்டார்.

"எதிராளி மூஞ்சி மேலதான் சார். அதுதானே தொழிலே."

அண்ணன் வீட்டு முற்றத்தில், வெற்றிக் கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் அடுக்கியபடியே கிடந்தன. கூடத்தில் அண்ணன் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டெலிபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. மாடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

நீலத்தை எப்போது பார்த்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நேற்று ஓட்டு எண்ணி முடித்துத் திரும்பும்போது, காரை விட்டு இறங்கியே பார்த்ததாக அண்ணன் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் மெல்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் பசை காய்ஞ்சு வாரக் கணக்காச்சு. நேத்து அதுல நீலம் இருந்திருக்காது. நீலத்தைப் பார்த்தவர் அது ஈரமா இருக்கிறப்போ பார்த்திருக்கணும். அதாவது, ஒட்டுறப்போ பக்கத்துல நின்னிருக்கணும். உங்களைக் கவிழ்க்க நினைச்சவன் உங்க முகத்தை மறைச்சிருப்பான். இவங்க டாக்டர் முகத்தை மட்டும் மறைச்சிருக்காங்க. தம்பி கேட்டும் ஆளுங்க வாய் திறக்கலைன்னா, தம்பியைவிடப் பெரியவர் மூடச் சொல்லியிருக்கார். தையல்காரரை நிறுத்தினது நீங்கதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று மைத்துனர் முணுமுணுத்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்.

அண்ணன் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பும் இல்லை. கடைத்தெரு முழுக்க டாக்டர் பக்கம், அங்கேயே ஒருவனை நிறுத்தினால் அந்த ஓட்டு பிளந்துவிடும் என்று கணக்குப் போட்டாராம்.

"டாக்டர் ஆளுங்க டாக்டருக்கே போட்டாங்க. உங்களுக்குப் போட்டுப் போட்டுச் சலிச்சவங்க இருந்தாங்களே, டாக்டருக்குப் போடவும் மனசு வராம, அவங்களுக்குப் போக்கிடம் காட்டினது நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதைதான். ஆனால் அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"யார் அந்தத் தையல்காரன்னு மேலிடத்துல குடையறாங்க," என்றார் அண்ணன் தரையைப் பார்த்தபடி. "தோத்தேன்னு சொல்லிடலாம். என் கையாலேயே தோத்தேன்னு எப்படிச் சொல்றது? பழியை இவன் மேல போட்டா தாங்கிக்குவான்னு நினைச்சேன்." பிறகு தம்பியிடம், போக வேண்டாம், இரு என்றார்.

தம்பியின் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா, நான்தான் செஞ்சேன்னு நானே ஊருக்குச் சொல்லியிருப்பேனே அண்ணா."

பிறகு மைத்துனர் பக்கம் திரும்பி, மாடியில் பீரோ இறக்க வேண்டும், ஒரு கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். மைத்துனர் அத்தானைப் பார்த்தார், அத்தான் தலையசைத்தார். இருவரும் படியேறினார்கள். அண்ணனும் எழுந்து படிவரை வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.