டம்ளரில் அசையாத தண்ணீர்

மழை பிடித்துக்கொண்ட மாலை. மாடியில் பாட்டு ஆரம்பித்ததும், கீழே சமையலறை அலமாரியிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று டங்கென்று விழுந்தது.

தனப்பிரியா தடதடவென்று படியேறினாள். கதவு திறந்தது... வந்த கோபம் எங்கே போனதோ!

பத்து நாளுக்கு முன் குடிவந்த கவின். கெங்கவல்லிக்காரன், வங்கியில் வேலை. மழை பெய்யுமுன் கறுக்கும் வானம் போலக் கண்கள்...

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறீங்களா, போர்வெல் போடறீங்களா?"

"சத்தம் கம்மியாத்தாங்க வச்சேன்..."

"சத்தமில்லீங்க, அதிர்வு! எங்க ஊடே ஆடுது."

அவனுக்குப் பின்னால் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு, வெறுந்தரையில் நின்றன.

அப்பா செல்லமுத்து அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். "பையன் தங்கம்தான் சாமி. ஆனா ஞாயித்துக்கெழமைக்குள்ள அதிர்வு நிக்கோணும். இல்லீனா வேற ஊடு பாத்துக்கட்டும்."

போய்விடுவானா? அப்படி விட அவளுக்கு மனமில்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து, நாமக்கல்லில் அப்பாவின் லாரி உதிரிபாகக் கடைதான் அவளுக்கு உலகம். இஞ்சின் அதிராமலிருக்க அடியில் ரப்பர் வைக்கிறோமே, ஸ்பீக்கருக்கு வைத்தால்?

மறுநாளே எட்டு இஞ்சின் ரப்பர்களோடு போய் நின்றாள். ஸ்பீக்கருக்கு நாலாக வைத்துப் பார்த்தார்கள். தட்டுகள் முன்போலவே ஆடின.

கவின் சிரித்துவிட்டான். "லாரி சாமான் லாரிக்குத்தாங்க..."

அவள் முகம் சுருங்கியது. "ஆமாங்க... படிக்காதவளுக்கு அவ்வளவுதான் தெரியும்." விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். அவன் கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை.

மூன்று நாள் மாடிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை கடையில் இஞ்சின் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கல்! இஞ்சின் பாரம் ஏறினால்தானே இது கொஞ்சமாவது அமுங்கும்? பக்கத்துப் பெட்டியில் ரேடியேட்டருக்கு வைக்கும் சின்ன ரப்பர். அழுத்தினாள்... மெத்தென்று அமுங்கி எழுந்தது. அட!

ஞாயிறு மாலை, மறுபடி மழை. ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, அந்தச் சின்ன ரப்பர்களோடு மாடியேறினாள்.

"அன்னிக்கு நான் சிரிச்சது தப்புங்க..." என்றான் கவின்.

"அப்பறம் பேசலாம். ஸ்பீக்கரத் தூக்குங்க."

நாலு மூலைக்கு நாலு ரப்பர். கீழே ஓடி, அலமாரியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாள். மாடியில் பாட்டு ஒலித்தது. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை! அப்பா குனிந்து பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

மூச்சிரைக்க மேலே ஓடினாள். கவின் அசையாமல் நின்றிருந்தான்.

"கேளுங்க... இத்தனை நாள் தபேலா வெறும் 'தொம் தொம்'னு கேட்டுச்சு. இப்ப விரல் ஒவ்வொண்ணும் தனியாக் கேக்குது. பாடுறவங்க மூச்சு வாங்கறதுகூட..."

கண்மூடிக் கேட்டாள். அடடா... மழைக்கு நடுவே யாரோ பக்கத்தில் அமர்ந்து பாடுவதுபோல! கண் திறந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன படிச்சு என்னங்க, எனக்கு இது தோணலையே! ஆனா ஒரு கவலை..."

"என்னங்க?"

"இனித் தட்டு விழாது. சண்டை போட எப்படி மேல வருவீங்க? எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்குங்க, பிரியா."

கன்னம் சுட்டது. வாசல்வரை ஓடியவள் நின்றாள்.

"எனக்குந்தானுங்க... ஆனா அதக் கீழ வந்து எங்கப்பாகிட்டச் சொல்லோணும்."

"எப்படி ஆரம்பிக்கிறது?"

"மொதல்ல, 'உங்க கடை ரப்பரு நல்ல ரப்பருங்க'ன்னு சொல்லுங்க... மிச்சத்த நான் பாத்துக்கறேன்!"