நாலு மணித் தலைப்பு

ட்ர்ர்ர்ங்...! ட்ர்ர்ர்ங்...!

இன்டர்காம் அலறியது.

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை மணி சரியாக நான்கு. போனின் சின்னத் திரையில் இருபத்தேழு என்ற எண் மின்னியது.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

இருபத்தேழு, பத்திரிகை ஆசிரியரின் அறை. அந்த ஆசிரியர் இதே கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்து மூன்று மாதம் ஆகிவிட்டது!

"ரூமைப் பூட்டி வெச்சிருக்கேன்... சாவி என்கிட்ட இருக்கு... உள்ள போன்கூட கிடையாதே!"

தனக்குத்தானே முனகிக்கொண்டார்.

மூன்றாவது நாளாக இதே கூத்து. முந்தாநாள் எடுத்துப் பார்த்தார். முதலில் இரண்டு செருமல். அப்புறம் அந்தக் குரல்... "முதலாளி, தலைப்பு ரெடி. படிக்கட்டுமா?"

பட்டென்று வைத்துவிட்டார். நேற்றும் அதேதான். குரலையாவது ஒருத்தன் மிமிக்ரி செய்யலாம். செத்தவனின் செருமலை எவன் செய்வான்?

இருபத்து மூன்று வருடப் பழக்கம் அது. தினமும் நாலு மணிக்கு ஆசிரியர் போனில் மறுநாள் தலைப்புகளைப் படிப்பார். முதலாளி கண்ணை மூடிக் கேட்பார். பிழை இருந்தால் "மாத்து." இல்லையென்றால் "போடு." எழுதிக் காட்டுகிற வேலையே கிடையாது. முதலாளி ஊரையே ஏமாற்றிய மனுஷன்தான். ஆனால் தலைப்பில் கடுகளவு தகவல் பிழை இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது!

கதவு திறந்தது. மகள் உள்ளே வந்தாள், கையில் ஒரு ஃபைலோடு.

போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

"போன் அடிக்குதே, கேக்கலையா?"

"எந்த போன்?"

"இதோ... இந்த போன்தாம்மா!"

மகள் போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அது சும்மாதானேப்பா இருக்கு? நீங்க ராத்திரி தூங்கினீங்களா, இல்லையா?"

ட்ர்ர்ர்ங்...!

போன் நின்றது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா? கடவுளே!

வெளியே கிர்... கிர்... என்று திருப்புளிச் சத்தம். அவர் பெயர்ப்பலகையின் எழுத்துகளை ஒரு தொழிலாளி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பேப்பர், சேனல், ரேடியோ என்று ராஜா மாதிரி வாழ்ந்தவர். தன் ஊழியர்களின் போன்களையும், சேனலுக்குப் பேட்டி கொடுக்க வந்த பெரிய மனிதர்களின் போன்களையும் ரகசியமாகப் பதிவு செய்தார். அதை வைத்தே ஆளை மிரட்டினார். போன வாரம் குட்டு வெளிப்பட்டது. இன்று காலை போர்டு மீட்டிங்கில் எல்லாரும் கையைத் தூக்கி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். தூக்கிய கைகளில் மகளின் கையும் ஒன்று.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சதுப்பா. ஏழு மணி ஃப்ளைட்டுக்கு வண்டி கீழ ரெடியா இருக்கு."

"பெத்த அப்பனைத் தூக்கிட்டு என் நாற்காலியில உக்காரப் போறே. நல்லா இரும்மா!"

"ஒட்டுக் கேட்டது நீங்கதானேப்பா? நானா?"

"அபராதத்தோட போயிடும்னு வக்கீல் சொல்லிட்டார். போ... ஒரு நல்ல பேனா கொண்டா."

மகள் போனாள்.

பதவி போனால் மயிராச்சு! கழுத்து தப்பினால் போதும் அவருக்கு. ஆசிரியர் செத்தது தற்கொலை என்று போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. ஒட்டுக்கேட்கும் விஷயத்தைத் தலைப்பிலேயே போடப் போகிறேன் என்று அடம்பிடித்த மனுஷனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுத் தள்ளிய கை, இதோ, இந்த மேஜை மேல்தான் இருக்கிறது. மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தால் விமானம் ஏறிவிடலாம்.

ட்ர்ர்ர்ங்...!

எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கை எடுத்துவிட்டது.

இரண்டு செருமல்.

"முதலாளி, தலைப்பு ரெடி. படிக்கட்டுமா?"

"டேய்... யாருடா நீ?"

"ஆசிரியர் சாவு தற்கொலை அல்ல... கொலை!"

முதலாளியின் கண்கள் தானாக மூடிக்கொண்டன. அதே நிதானம். அதே மூச்சு. பக்கத்தில் நின்று பேசுவது போலவே இருந்தது.

"நான் வேணும்னு செய்யலைடா... நீ பிடிவாதம் பிடிச்சே..." குரல் உடைந்து அழுதார்.

"மாடியிலிருந்து தள்ளியது இருவர்!"

"இ... இருவரா?"

"ஆசிரியரின் மூக்குக்கண்ணாடியை ஆற்றில் வீசினர்!"

முதலாளியின் நெற்றி சுருங்கியது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?

"மாத்து!" என்று கத்தினார். "என்னய்யா கண்றாவி தகவல் இது? இருவர் இல்ல, ஒருத்தன்! கண்ணாடி ஆத்துலயும் இல்ல... லிஃப்ட் குழியில! விசாரிக்காம எழுதுவியா?"

மறுமுனையில் மறுபடியும் இரண்டு செருமல்.

"மாத்தியாச்சு, முதலாளி. போட்டுடலாமா?"

"போடு!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்!

கதவு திறந்தது. மகள் நின்றாள். கையில் பேனா இல்லை. பின்னால் மடிக்கணினியோடு சேனலின் சவுண்ட் இன்ஜினியர். அவருக்கும் பின்னால் இன்ஸ்பெக்டர்.

"பேய் இல்லப்பா," என்றாள் மகள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "நீங்க திருட்டுத்தனமா பதிவு பண்ணி வெச்ச டேப்புதான்."

"என்ன உளர்றே?"

சவுண்ட் இன்ஜினியர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஆசிரியர் சாரோட போனையும் வருஷக்கணக்கா பதிவு பண்ணச் சொல்லியிருந்தீங்க சார். ஊர்ல நடக்காத கொலையா, கொள்ளையா? தேவையான வார்த்தை எல்லாம் அவர் வாயாலயே இருந்தது. வெட்டி ஒட்டினேன். இருபத்தேழுன்னு காட்டறதுக்கு இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு வயரை மாத்தினேன். அவ்ளோதான்."

"போன் அடிக்கலைன்னு நீ..." முதலாளி மகளைப் பார்த்தார்.

"அடிச்சதுப்பா. நல்லாவே கேட்டுது. பொய்யை முகம் மாறாம சொல்றது எப்படின்னு உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்?"

"என் மேல எப்படிம்மா சந்தேகம் வந்தது?"

"அத்தனை டேப்பும் இருக்கு. ஆசிரியர் சித்தப்பா செத்த அன்னைக்கு நாலு மணி டேப் மட்டும் இல்ல! என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவர்ப்பா அவர். உங்க கூடப் பிறக்காத குறைதான். எப்படிப்பா மனசு வந்தது?"

முதலாளி சட்டென்று நிமிர்ந்தார். பழைய முதலாளி ஆகிவிட்டார்.

"ஒட்டுப்போட்ட டேப்பை எந்தக் கோர்ட்டு ஏத்துக்கும், இன்ஸ்பெக்டர்? கிழவன் பயத்துல உளறினான்னு என் வக்கீல் அஞ்சே நிமிஷத்துல முடிச்சிடுவார்!"

"வாஸ்தவம் சார்," என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "டேப்பு எங்களுக்கு வேண்டாம். கண்ணாடி எங்க கிடைக்கும்னு தெரியணும். அதுதான் மூணு மாசமா புரியலை. பிணத்து மேலயும் இல்ல, கீழே ரோட்டுலயும் இல்ல. நீங்க போன்ல சொன்ன நிமிஷமே எங்க ஆளுங்க லிஃப்ட் குழியில இறங்கிட்டாங்க."

அவர் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"சார்... குழியில கிடைச்சிடுச்சு! ஒரு பக்கக் கண்ணாடி உடைஞ்சிருக்கு. ஓரத்துல காய்ஞ்ச ரத்தம் சார்!"

மகள் அப்பாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் நீளமாக ஒரு தழும்பு.

"டம்ளர் உடைஞ்சு கிழிச்சிடுச்சுன்னு சொன்னீங்களே... நான்தான்ப்பா கட்டுப் போட்டு விட்டேன்."

கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

தவளை தன் வாயால் கெட்டது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். தள்ளாடியபடியே வராந்தாவுக்கு வந்து, லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

"லிஃப்ட் வராது சார். நம்ம ஆளுங்க குழியில இறங்கியிருக்காங்க. படியிலதான் போகணும்."

"பன்னிரண்டு மாடியா? எனக்கு மூட்டு வலிய்யா!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிக்கொண்டே அன்பாகச் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் சார் கஷ்டம்... நீங்க போற இடத்துல ஆயுசுக்கும் கிரவுண்ட் ஃப்ளோர்தான்!"