உரிக்க உரிக்கச் சுவர்

கூடத்துச் சுவரின் பழைய பச்சைப் பூச்சு நீளமான ஒரு செதிலாக உரிந்து விழுந்தபோது, அதற்கடியில் முந்தின நாள் கடையில் அவள் தேர்ந்தெடுத்த மஞ்சள் இருந்தது.

ஏதோ ஒரு மஞ்சள் என்றால் விட்டுவிடலாம். நிற அட்டைகளைக் கடைவாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, ஒன்றும் மனதுக்குப் பிடிக்காமல், கடைக்காரரை இரண்டு நிறங்களைக் கலக்கச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் வெள்ளை விடுங்க, இன்னும் கொஞ்சம்" என்று அவர் முகம் சுளிக்கும்வரை கேட்டு வாங்கிய மஞ்சள் இது. மூலையில் இருந்த டப்பாவைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். மூடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து அறையில் ஜன்னல் சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவன் வந்து பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். இறுக்கினால் இறுகாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவன்.

"மஞ்சள்தானே. நம்மள மாதிரி ரசனை கெட்டவன் ஒருத்தன் முன்னாடியும் இருந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அவளுக்கும் அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. பல் கட்டும் லேபில் வேலை. வாரம் முழுக்க யார் யார் வாய்க்கோ அச்சு வார்ப்பது, பிளாஸ்டரைக் குழைப்பது, அது இறுகக் காத்திருப்பது. சாயங்காலமானால் இந்த வீடு. ஞாயிற்றுக்கிழமையானாலும் இந்த வீடு. தோள்வலி அவர்களுக்கு முன்பே இங்கே குடிபுகுந்துவிட்டது.

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு குடும்பமாக அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றில் வெளிச்சம் இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை, எல்லாம் இருந்த ஒன்று கைக்கு எட்டவில்லை. கடைசியில்தான் இது. நூறு வயதைத் தாண்டிய வீடு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை, மிதிக்கும்போதெல்லாம் முனகும் மரப்படிகள், எலிப் புழுக்கையும் ஈர மரமும் கலந்த வாடை. ஊர் உலகத்தில் யாரும் சீந்தாமல் பூட்டிக் கிடந்ததை இவர்கள் திறந்தார்கள். வாடகை வீட்டுச் சாவியை இன்று காலைதான் திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டி படுக்கை எல்லாம் மாடியறையில் கட்டு அவிழாமல் கிடந்தன.

கணவனின் அக்காவும் அவர்களோடுதான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். தபால் நிலையத்தில் ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவர். முட்டிவலியோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கதவின் அடிப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் கட்டிப் பார்னுதான் சொல்லி வச்சாங்க. பழைய வீட்டை ஒட்டிப் பார்னு எவனும் சொல்லல. ஏன்னு இப்பத்தான் புரியுது."

"நீங்க கொஞ்சம் படுங்க அண்ணி."

"படுத்தா எழுப்ப கிரேன் வரணும். பேசாம வேலையப் பாரு."

அவள் சுரண்டினாள். மஞ்சள் உதிர்ந்தது. அதற்கடியில் மறுபடியும் பச்சை. வெயில் படாத இலையின் நிறம், மேலே இருந்த அதே பச்சை. அதையும் சுரண்டினாள். மஞ்சள். சுரண்டும் தகட்டின் நுனியால் ஒரு இடத்தை மட்டும் ஆழமாகக் குடைந்தாள். பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள். வெட்டிய மரத்தின் வளையங்கள் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக, மெல்லியதாக, முடிவில்லாமல்.

காரையைத் தொட்டபோது விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தச் சூடு அவளுக்குப் பழக்கமானது. லேபில் குழைத்து ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்போது கிண்ணத்துக்குள் ஒரு சூடு எழும், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல. இறுகி முடிந்தால் ஆறிவிடும். பிறகு எத்தனை காலமானாலும் திரும்ப வராது. அத்தனை பூச்சுகளுக்கும் அடியில், நூறு வருடச் சுவருக்குள், யாரோ சற்று முன்புதான் அள்ளிப் பூசிவிட்டுப் போனது போல் காரை சுட்டது.

இதைக் கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வெயில் என்பான். வெளியே மேகம் மூடியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் டீ குடிக்க எல்லோரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். மகள், வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு, செய்தித்தாளை விரித்துப் படுத்து, உதிர்ந்த பூச்சுச் செதில்களைப் பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஆனா ஒண்ணு. உன் பிடிவாதத்துக்காகத்தான் நானும் இந்த வீட்டுக்குச் சரின்னேன்."

"என் பிடிவாதமா? உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு இவர்தான் சொன்னார்."

கணவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நானா? வீட்டுக்குள்ள வந்ததுமே நீ இதுதான்னு சொன்னே. நான் அரை மனசாத்தான் இருந்தேன்."

"நான் சொல்லலைங்க."

"சொன்னே. வாசல்ல நின்னு சொன்னே."

"நான் அன்னைக்குக் கார்லேர்ந்து இறங்கவே இல்ல. தலைவலின்னு படுத்திருந்தேன். நீங்கதான் திரும்பி வந்து முடிச்சாச்சுன்னீங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரித்துவிட வேண்டிய இடம்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றாள் சிட்டு, தலையை நிமிர்த்தாமல்.

"எப்போடா கண்ணு?"

"எப்பவும்தான். ஒவ்வொரு தடவையும் சொல்றேன். யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க."

குழந்தையின் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒருத்தியின் குரல். அவள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செதில்களைப் பிரிக்கும் சின்னக் கைகள் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். சர்ர்... சர்ர்... சுவரில் தகடு இழுபடும் சத்தம். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தமாதலால் முதலில் உறைக்கவே இல்லை. பிறகு பார்த்தாள். கணவன் கையில் டம்ளர். அண்ணி கையில் டம்ளர். அவளுடைய தகடு தரையில்.

"எலி" என்றான் கணவன்.

எலி இப்படி நிதானமாகச் சுரண்டாது. நாலு இழுப்பு, ஒரு மூச்சு, மறுபடி நாலு இழுப்பு. அது அவளுடைய கணக்கு. தோள் வலிக்காமலிருக்க அவளாகப் பழக்கிக்கொண்டது.

வெளியே போய்ப் பார்த்தாள். அது வெளிச்சுவர். அந்தப் பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்து, மதில், பாசி, துருப்பிடித்த ஒரு வாளி. யாரும் இல்லை. சுவரில் காது வைத்தாள். கல்லின் குளிர்ச்சி. சத்தம் இல்லை. உள்ளே திரும்பி வந்தாள். சர்ர். சர்ர்.

"கிளம்பலாம்ங்க" என்றாள்.

"எங்க?"

வாடகை வீட்டுச் சாவியும் இப்போது கையில் இல்லை. அவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கண்கள் சிவந்து, புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து, ஒரே மாலையில் கிழவனாகிவிட்டவன் போல் இருந்தான். மெதுவாக எழுந்தான். இன்னொரு தகட்டை எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம்தான். எல்லாரும் சேந்து செஞ்சா முடிஞ்சிரும்."

அண்ணியும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி வலிக்கிறது என்று சொல்லவில்லை. கேலி எதுவும் பேசவில்லை. உப்புத்தாளோடு சுவரை நோக்கி நின்றார். சிட்டு செதில்களை விட்டுவிட்டு எழுந்து போய், அவர்களுக்கு நடுவில் நின்றாள்.

"வேண்டாம்." மூவரையும் பார்த்து அவள் சொன்னாள். சொன்னாளா? வாய்க்குள் தூசி. கை தகட்டைத் தேடி எடுத்தது. களைப்பு. இன்றைய களைப்பு அல்ல. இந்த வாரத்துக் களைப்பும் அல்ல. எலும்பின் அடியில், அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே படிந்திருந்த களைப்பு. நின்றால்தான் வலிக்கும். சுரண்டினால் வலிக்காது.

சர்ர். இந்தப் பக்கம். சர்ர். அந்தப் பக்கம். ஒரே நேரத்தில். ஒரே இடத்தில்.

பச்சை. மஞ்சள். பச்சை. காரை சுட்டது. காரை இளகியது. ஈர மாவாகக் கையோடு வந்தது.

துளை.

கைக்குட்டை அளவுதான் இருக்கும். சந்து தெரிய வேண்டும். மதிலும் பாசியும் தெரிய வேண்டும். அவள் குனிந்து பார்த்தாள்.

அந்தப் பக்கம் ஒரு கூடம். இதே ஜன்னல், இதே சாயங்கால வெளிச்சம். தரை முழுக்க உதிர்ந்த தூள், முழங்கால் உயரத்துக்கு. சுவரோரம் முக்காலியில் ஒருத்தி சரிந்து கிடந்தாள். அவளுடைய கை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆண், தோள்கள் தேய்ந்து உள்வாங்கி, கையிலிருப்பது தகடா விரலா என்று பிரித்தறிய முடியாதபடி. அவனை ஒட்டி இன்னொருத்தி. அவள் முகத்தைப் பார்க்க இவளுக்குத் துணிவில்லை. கண்ணைக் கீழே இறக்கினாள்.

மூவருக்கும் நடுவில் ஒரு சின்ன உருவம். குழந்தையின் உயரம்தான். குழந்தையின் தோள்தான். தலைமுடி மட்டும் வெள்ளை வெளேரென்று முதுகில் இறங்கி, தூளில் புரண்டு, ஜன்னல் வரைக்கும் நீண்டு கிடந்தது.

"சிட்டு" என்றாள் அவள்.

இந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அந்தப் பக்கத்து உருவம் திரும்பியது. சுருங்கி, காய்ந்து, கையளவே ஆகிவிட்ட ஒரு கிழ முகம். அது வாயைத் திறந்தது. உள்ளே எல்லாம் பால் பற்கள், வெள்ளையாக, புத்தம் புதிதாக. மேல்வரிசையில், போன வாரம் சிட்டுவுக்கு இவள் தன் கையால் பிடுங்கிய முன்பல்லின் ஈறு இன்னும் ஆறாமல் கசிந்துகொண்டிருந்தது.